ஜலஜாம்மாவும் கதவு தட்டும் புரோகிராமும்

ஏகாம்பரத்துக்கு அந்த ஆஸ்பத்திரிமேல் பல வருஷமாக ஒரு ஆத்திரம் உண்டு. ஒயரை இழு என்பார்கள். இங்கே ஓட்டை போடு, அங்கே மாட்டு என்பார்கள். அது எதற்கு என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. கேட்டால், "தும்ஹே க்யா கர்னா ஹை, பையா?" என்று ஒரே பதில், உனக்கெதற்கு அது என்று. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலிப்புழுக்கையில் ஊர்ந்து கேபிள் இழுத்தவனுக்கு, அதன் மறுமுனையில் டைப் அடிக்கிறார்களா, உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று தெரியக்கூடாதாம். ஆரணிப் பக்கத்திலிருந்து எட்டாவதோடு புத்தகத்தை மூடிவிட்டு டெல்லிக்கு வந்தவன்தான். அதற்காக ஒரு வார்த்தை சொன்னால் புரியாமலா போய்விடும்?

சொன்ன ஒரே ஆள் ஜலஜாம்மா.

கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பட்டாபி மத்திய சர்க்காரில் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். தமிழ் பேச்சு சரளமாக வரும். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளக் கட்டின் மேலிருக்கும் பெயரை அவர் வாசித்து முடிப்பதற்குள் கடைக்காரன் பில் போட்டுவிடுவான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பொண்ணு பார்க்க வந்தவாளுக்கெல்லாம் எங்கப்பா டி.ஏ. அரியர்ஸ் கணக்கு சொன்னார். காபி ஆறறதுக்குள்ள ஓடிட்டா" என்பார்.

அவர் கேபிள் இழுக்கச் சொன்னால் வேலை முடிந்ததும் விடமாட்டார். கையோடு கூட்டிக்கொண்டு போய் மறுமுனையைக் காட்டுவார். "இது டயாலிசிஸ் மிஷின். இதுல ஏதாவது கோளாறுன்னா அந்த மேஜையில மணி அடிக்கும். நீங்க இழுத்த ஒயர் வழியாத்தான் அடிக்கும்." முதல் தடவை ஏகாம்பரத்துக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்புறம் அதற்காகவே அந்த அம்மா கூப்பிட்டால் மட்டும் முனகாமல் போக ஆரம்பித்தான்.

ஜலஜாம்மாவின் வேலை ஒரு பதிவைப் பராமரிப்பது. ஆஸ்பத்திரியில் எத்தனை மிஷின், எது எங்கே இருக்கிறது, எது எதை நம்பி ஓடுகிறது, ஒன்று நின்றால் கூடவே எவை நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆபீஸில் அதை சி.எம்.டி.பி. என்பார்கள். முன்பெல்லாம் அந்த அம்மா மாடி மாடியாக நடந்து பார்த்து எழுதிவந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றி முடிப்பதற்குள் கீழ்மாடி மிஷின் மேல்மாடிக்குப் போயிருக்கும்.

முந்தின வருஷம் ஒரு வைரஸ் வந்தது. ஸ்டோர் ரூமில் எல்லாரும் மறந்துபோன ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாக உள்ளே வந்து ஆஸ்பத்திரி முழுவதையும் படுக்க வைத்துவிட்டது. மருந்துச் சீட்டைக் கையால் எழுதி ஓடினார்கள். கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் அச்சுதன் சாருக்கு அந்த வாரத்தில்தான் காதோரம் நரைத்தது. தனக்குத் தெரியாத மிஷின் ஒன்று எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்ற பயம் அதற்கப்புறம் அவரை விடவில்லை. அதனால் புது புரோகிராம் ஒன்றை வாங்கினார். தானாகவே தேடிக் கண்டுபிடித்துப் பதிவை நிரப்புகிற புரோகிராம். பெயர் டிஸ்கவரி.

"சென்சஸ்காரன் மாதிரி" என்று ஜலஜாம்மா ஏகாம்பரத்துக்கு விளக்கினார். "ஒவ்வொரு மிஷின் கதவையும் தட்டுவான். நீ யாரு, என்ன பேரு, உள்ள என்னென்ன இருக்கு, யாரோட பேசறே, எல்லாம் கேப்பான். அவனே எழுதிப்பான். எனக்கு இனிமே முட்டி வலி இல்லை."

"கதவைத் திறக்கலைன்னா?"

"மறுபடி தட்டுவான். வேற மாதிரி தட்டுவான். அதான் கொஞ்சம் பயமா இருக்கு. புது மிஷின்லாம் பதில் சொல்லிடும். பழசெல்லாம் இத்தனை தட்டைத் தாங்குமான்னு தெரியலை."

அதைப் பார்த்துவிட ஒரு நாள் பச்சைக்குழந்தை வார்டில் சோதனை வைத்தார். நாள் நிரம்பாமல் பிறந்த குழந்தைகளை வைக்கிற வார்டு. குழந்தை இல்லாத ஒரு தொட்டிலின் மானிட்டரை மட்டும் புரோகிராமுக்குக் காட்டிக் கொடுத்தார். அந்த வார்டின் சிஸ்டர் தமிழ்செல்வி, திருநெல்வேலிக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். குழந்தையின் காலில் சுற்றுகிற சென்சார் பட்டையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். திரையில் அவள் நாடித்துடிப்பு பச்சைக் கோடாக ஓடியது. பக்கத்தில் ஆக்சிஜன் அளவு, தொண்ணூற்றெட்டு. ஏகாம்பரம் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தட்டறான்" என்றார் ஜலஜாம்மா, மடியிலிருந்த லேப்டாப்பைப் பார்த்து.

ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூற்றெட்டு. தமிழ்செல்வி சிரித்துக்கொண்டே விரலிலிருந்து பட்டையைக் கழற்றினாள். "இம்புட்டுத்தானா? இதுக்கா என்னைய இத்தன நேரம் பொம்மை மாதிரி இருக்க வச்சிய?"

பட்டை அவள் உள்ளங்கையில் கிடந்தது. திரையில் இன்னமும் தொண்ணூற்றெட்டு. கோடு அப்படியே நின்றிருந்தது, அழகாக, மேலும் கீழுமாக. அலாரம் அடிக்கவில்லை.

சிரிப்பு போய்விட்டது. ஏகாம்பரம் அந்தத் திரையையே பார்த்தான். மிஷின் கெட்டுப்போனால் இருட்டாகிவிடும், கூவும், சிவப்பு விளக்கு போடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். இது செத்துப்போயிருக்கிறது, ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொட்டிலில் ஒரு குழந்தை இருந்து மூச்சு நின்றிருந்தால்?

"சாமி சத்தியமாச் சொல்லுதேன், இந்தப் பக்கம் அவனை விடாதீய" என்றாள் தமிழ்செல்வி. குரல் உள்ளே போயிருந்தது.

அன்று கோட்லாவிலிருந்த தன் அறைக்குப் போனபோது, ஏகாம்பரத்தின் மனைவி தங்கம் வழக்கம்போல் பி.பி. மிஷினைக் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நார்மல்தான்" என்றாள். அவன் அதைப் பிடுங்கி அணைத்துப் போட்டு மறுபடி பார்க்கச் சொன்னான். திரும்பவும் பார்க்கச் சொன்னான். "உனக்கு இன்னா ஆச்சு?" என்று அவள் திட்டினாள்.

ஜலஜாம்மா மறுநாளே குழந்தை வார்டு மிஷின்களின் ஐ.பி. நம்பர்கள், அதாவது நெட்வொர்க்கில் அவற்றின் வீட்டு எண்கள், மொத்தத்தையும் விலக்கி வைத்தார். அந்த வரிசைக்குள் புரோகிராம் தட்டாது. மற்ற மாடிகளில் செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் ஓடும். முதலில் லேசாக ஒரு தட்டு, யார் யார் புதுசு என்று பார்க்க. அதற்கப்புறம் கீழேயிருந்து மேலே, மாடி மாடியாகப் பலமான தட்டு. இரண்டு தடவை ஏதோ சந்தேகம் வந்து ஜலஜாம்மா நடுவில் நிறுத்திவிட்டார். ஆடிட் வரப்போகிறது, பதிவு பாதியில் நிற்கிறது என்று அச்சுதன் சாருக்குக் கோபம். நிறுத்துகிற உரிமையை அந்த அம்மாவிடமிருந்து எடுத்துத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொண்டார்.

நவம்பர் வந்தது. டெல்லியில் நவம்பர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. தரைத்தளத்துக் குழந்தை வார்டின் பழைய ஜன்னல்கள் வழியாகப் புகை உள்ளே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் வந்து மூக்கைச் சுளித்தார். குழந்தைகளை உடனே இரண்டாவது மாடிக் கான்ஃபரன்ஸ் ஹாலுக்கு மாற்றச் சொன்னார். அக்கவுண்ட்ஸுக்குப் பக்கத்து ஹால். ஜன்னல் இறுக்கமானது, காற்று சுத்தம் செய்கிற மிஷின்களும் வைக்கலாம். நீண்ட மேஜையை வெளியே தள்ளிவிட்டு, சிஸ்டர்களும் வார்டு ஆட்களும் தொட்டில்களைத் தூக்கி வந்தார்கள். மானிட்டர்களின் ஒயர்களைச் சுவரிலிருந்த சாக்கெட்டில் செருகினார்கள். பச்சை விளக்கு மினுக்கியது. அந்த ஆஸ்பத்திரியில் பச்சை விளக்கு மினுக்கினால் வேலை சரி. அதற்குமேல் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அந்தச் சாக்கெட் அக்கவுண்ட்ஸின் வரிசையைச் சேர்ந்தது என்பதும், அதில் செருகிய மிஷின் பழைய நம்பரை விட்டுவிட்டு அந்த மாடியின் நம்பரை வாங்கிக்கொள்ளும் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய் காலை ஏகாம்பரம் இரண்டாவது மாடியில், அக்கவுண்ட்ஸ் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஜலஜாம்மாவின் போன் வந்தது.

"ஏகாம்பரம், எங்க இருக்கேள்?"

"ரெண்டாவது மாடிதாம்மா. பிரிண்டர் மக்கர் பண்ணுது."

"அங்க புதுசா ஏதாவது மாட்டினேளா? லேசான தட்டுல அக்கவுண்ட்ஸ் வரிசையில ஆறு மிஷின் புதுசா வந்திருக்கு. எல்லாம் ஹார்ட் மானிட்டர் பண்ற கம்பெனி. அக்கவுண்ட்ஸ்ல எதுக்கு ஹார்ட் மானிட்டர்?"

"நான் மாட்டலம்மா. பக்கத்து ஹாலுக்குக் குழந்தைங்கள மாத்தியிருக்காங்களே, புகைக்காக. உங்களுக்குச் சொல்லலியா?"

அந்தப் பக்கத்தில் கீபோர்டைப் படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டது.

"பலமான தட்டு ஆரம்பிச்சாச்சு" என்றார். "முதல் மாடி ஓடிண்டிருக்கு. அடுத்தது நீங்க நிக்கற மாடி."

"நிறுத்துங்கம்மா!"

"என்னால நிறுத்த முடியாது, உரிமை எடுத்துட்டா. அச்சுதன் சார் குர்காவ்ல மீட்டிங். போனை எடுக்கலை. கீழ பழைய வார்டுக்கு அடிச்சேன். மணி காலி ரூம்ல அடிக்கறது, எனக்கே இங்கேர்ந்து கேக்கறது. போனைத் தூக்கிண்டு போகலை அவா." குரல் உடைந்தது. "ஏகாம்பரம், உங்க பக்கத்துல ஒயர் அலமாரி இருக்கோல்லியோ? திறங்கோ. மேல ஒரு மஞ்சள் கேபிள் வரும். அதைப் பிடுங்குங்கோ. ஜல்தி."

ஏகாம்பரம் அலமாரியைத் திறந்தான். மஞ்சள் கேபிள் தெரிந்தது. அந்த மாடி முழுவதையும் ஆஸ்பத்திரியோடு சேர்க்கிற கேபிள் அது என்று அவனுக்குத் தெரியும். கை அதை நோக்கிப் போகவில்லை.

ஜெயராம் ஞாபகத்துக்கு வந்தான். அவனும் கான்ட்ராக்ட் ஆள்தான். எழுத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு ஒயரைப் பிடுங்கினான். ஆபரேஷன் தியேட்டரில் திரை போய்விட்டது. அன்றைக்கே போலீஸ்காரர் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப்போனார். அதற்கப்புறம் இந்த ஊரில் அவனுக்கு யாரும் ஒரு பல்பு மாட்டக்கூட வேலை கொடுக்கவில்லை. புது ஆள் யார் வந்தாலும் கான்ட்ராக்டர் முதலில் சொல்வது அந்தக் கதையைத்தான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது.

"இதைப் பிடுங்கினா குழந்தைங்க மிஷினும் நின்னுடுமாம்மா?"

"நிக்கக்கூடாது. அதெல்லாம் அந்த அலமாரிக்குள்ளேயே ஒண்ணோடொண்ணு பேசிக்கும். வெளியிலேர்ந்து யாரும் வந்து தட்ட முடியாது, அவ்ளோதான்."

"நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது, ஏகாம்பரம். பிடுங்காட்டா என்ன ஆகும்னுதான் நிச்சயமாத் தெரியும்."

வேறு யாராக இருந்தாலும் நிச்சயம் என்று சொல்லித் தலையில் கட்டியிருப்பார்கள். அவன் கேபிளைப் பிடித்தான். விரல் வேர்த்து வழுக்கியது. கொக்கி விடவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினான், நகம் பிளந்தது, கேபிள் கையோடு வந்தது.

"அரே, நெட் கயா! கிஸ்னே கியா?" என்று அக்கவுண்ட்ஸில் சத்தம் எழும்பியது, நெட்டை நிறுத்தியது யார் என்று. ஏகாம்பரம் அந்தப் பக்கம் திரும்பாமல் ஹாலுக்குள் ஓடினான்.

உள்ளே காற்று மிஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. தொட்டில்களில் உள்ளங்கை அகலத்தில் குழந்தைகள். தமிழ்செல்வி எதையோ ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தொட்டிலின் திரையில் தொண்ணூற்றேழு என்று இருந்தது. ஏகாம்பரம் அதையே பார்த்தான். தொண்ணூற்றேழு. கோடு ஓடுகிறதா, ஓடுவதுபோல் இருக்கிறதா? கண்ணில் நீர் கட்டி எல்லாம் அசைந்தது.

"செல்வி, அது ஓடுதா, நின்னுட்டுதா?"

"எது அண்ணாச்சி? செருப்போட எங்க வாறிய, வெளிய போங்க!"

"திரையைப் பாரு. அன்னிக்குத் தட்டினானே, அந்த சென்சஸ்காரன், இந்த மாடிக்கு வந்துட்டான்."

தமிழ்செல்வியின் கையிலிருந்த ஊசி தட்டில் விழுந்தது. அவளும் அவனருகே வந்து நின்று பார்த்தாள். தொண்ணூற்றேழு. எண் மாறவில்லை.

அப்போது குழந்தை உதைத்தது. பட்டை காலிலிருந்து நழுவியது. மானிட்டர் வீல் என்று அலறியது.

ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து சிரித்துவிட்டான். "என்னத்துக்குச் சிரிக்கிய, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்திக்கொண்டே தமிழ்செல்வி குழந்தையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பட்டையைச் சுற்றினாள். பிறகு ஒவ்வொரு தொட்டிலாகப் போய் ஒவ்வொரு பட்டையையும் ஒரு நொடி கழற்றிப் பார்த்தாள். எல்லா மிஷினும் அலறியது. அவள் அழுதுகொண்டேதான் செய்தாள்.

ஜலஜாம்மா படியேறி ஓடிவந்து வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அலறல் கேட்டது போதும் என்று கையால் காட்டினார்.

விசாரணை மறுநாள் நடந்தது. பில் போட முடியாமல் டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் கவுன்டரில் சண்டை போட்டிருந்தார்கள். பிடுங்கச் சொன்னது யார் என்று அச்சுதன் சார் கேட்டார். ஏகாம்பரம் பிளந்த நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான்" என்றார் ஜலஜாம்மா. "நான் சொன்னேன், அவர் பண்ணினார். வேணும்னா எழுதித் தரேன். இங்கிலீஷ்லதான். தமிழ்ல எழுதினா ரெண்டு நாள் ஆகும்."

யாரும் சிரிக்கவில்லை. அச்சுதன் சார் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். "ஜலஜா, எனக்கும் பயம்தான். தெரியாத மிஷின் ஒண்ணு உள்ள இருந்தா மறுபடியும் ஆஸ்பத்திரியே படுத்துடும். அப்ப இன்னும் நிறைய குழந்தைங்க."

"தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் நானும் சொல்றேன். யாராவது நடந்து போய்ப் பார்த்துட்டு அப்புறம் தட்டட்டும்."

"ஆடிட்டுக்கு நேரம் இல்லை."

விசாரணை முடிகிறவரை அந்த அம்மா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாசல் கதவைத் திறக்கிற அவர் கார்டை முடக்கினார்கள். ஏகாம்பரத்தை எச்சரிக்கையோடு விட்டார்கள். எல்லா மாடியிலும் ஒயர் அலமாரிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். கான்ஃபரன்ஸ் ஹாலின் புது நம்பர்களையும் விலக்கிவிட்டோம், வரும் செவ்வாய் புரோகிராம் ஓடும் என்று அறிவித்தார்கள்.

அந்தச் செவ்வாய் ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். குழந்தைகள் பின்னால் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அன்று காலை அது யாருக்குத் தெரியும்? ஏகாம்பரம் வேலைக்கு வந்தபோது மூன்றாவது மாடிக்குத் தொட்டில்கள் போய்க்கொண்டிருந்தன. அழுகைச் சத்தத்தில் கணக்குப் பார்க்க முடியவில்லை என்று அக்கவுண்ட்ஸில் புகார் செய்திருந்தார்கள். பாதிக் குழந்தைகள் ஹாலில், பாதி மேலே. மேலே சுவரில் வேறொரு வரிசையின் சாக்கெட். பச்சை விளக்கு.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினான். "லிஸ்ட் மே டால் தியா, பையா, டென்ஷன் மத் லோ" என்றான் அங்கிருந்தவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். லிஸ்டில் போட்டாச்சாம், கவலைப்பட வேண்டாமாம். விலக்கினானா, வாய்க்கு வந்ததைச் சொன்னானா? அச்சுதன் சார் கதவு சாத்தியிருந்தது, ஆடிட்காரர்கள் உள்ளே. மூன்றாவது மாடி அலமாரியில் பூட்டு தொங்கியது. புரோகிராம் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பும்.

படிக்கட்டில் நின்று ஜலஜாம்மாவுக்குப் போன் செய்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இருந்தார், பின்னால் காய்கறிக்காரனின் கூவல். விஷயத்தைக் கேட்டதும் கூட்டத்தை விட்டு ஒதுங்கினார். அன்று போனில் சொன்னதுதான் அந்த அம்மா அவனிடம் சொன்ன கடைசி வேலை. அந்தக் குளிர் முடிவதற்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு புனேயில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

"பூட்டை உடைக்காதீங்கோ" என்றார் அன்று போனில். "உங்களைப் பிடிச்சுண்டு போயிடுவா. செல்வியைக் கூப்பிட்டுண்டு மேல போங்கோ. அம்மாக்கள் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருப்பா. ரூல்ஸ் கீல்ஸ்னு யாராவது சொன்னா என் பேரைச் சொல்லுங்கோ. ஒவ்வொருத்தரையும் உள்ள கூட்டிண்டு போய் அவா அவா குழந்தை பக்கத்துல நிறுத்துங்கோ. திரையைப் பார்க்காதீங்கோ, குழந்தையோட நெஞ்சைப் பாருங்கோன்னு சொல்லுங்கோ. ஏறி இறங்கறதான்னு பார்த்துண்டே இருக்கணும், தட்டி முடிஞ்சாச்சுன்னு நீங்க வந்து சொல்றவரைக்கும் கண்ணை எடுக்கக்கூடாதுன்னு சொல்லுங்கோ. ஏன்னு கேப்பா, ஏகாம்பரம். ஏன்னு சொல்லிடுங்கோ."